பயன்படுத்திய பனிக்கால டயர் விற்பனை

பயன்படுத்திய பனிக்கால டயர் விற்பனை என்பது, குளிர்நாடுகளில் தானுந்து (கார்) வைத்திருப்போர் தாம் சில பருவங்கள் ஓட்டிய பனிக்கால டயர்களை, பெரும்பாலும் அவை பூட்டப்பட்டுள்ள ரிம்களோடு சேர்த்து, இன்னொருவருக்கு விற்பதைக் குறிக்கும். இலங்கை வழக்கில் டயர் ரயர் என்றும், சக்கரம் சில்லு என்றும் வழங்கும். கனடா, செருமனி, ஆஸ்திரியா, சுவீடன், பின்லாந்து முதலிய நாடுகளில் இவ்விற்பனை ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் பரவலாக நடைபெறுகிறது. இக்கட்டுரை கனடாவின் கியூபெக், ஒன்ராறியோ மாகாணங்களின் நடைமுறையை முதன்மையாகக் கொண்டு விளக்குகிறது.

மேசை, நாற்காலி போன்ற பழைய பொருட்களின் விற்பனையிலிருந்து இது ஒரு வகையில் வேறுபட்டது. பழைய நாற்காலியின் நிலையைப் பார்த்த அளவிலேயே அறியலாம். பனிக்கால டயரில் எஞ்சியுள்ள பயனோ கண்ணுக்குத் தெரிவதைவிடக் குறைவாகவே இருக்கும். விற்பவர் பொய் சொல்லாமலேயே வாங்குபவர் ஏமாற வாய்ப்பு உண்டு. அவ்வேமாற்றம் தெரியவருவது உறைந்த சாலையில் தடையை (பிரேக்கை) அழுத்தும்போதுதான்.

பனிக்கால டயரின் இயல்பு

கோடைகால டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கிச் சாலையைப் பற்றும் தன்மையை இழக்கிறது. பனிக்கால டயரின் ரப்பர் சிலிக்கா கூடுதலாகச் சேர்த்துத் தயாரிக்கப்படுவதால் கடுங்குளிரிலும் நெகிழ்வாக இருக்கும். அதன் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்களும், ஒவ்வொரு ரப்பர்க் கட்டியிலும் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகளும் காணப்படும். பள்ளங்கள் பனியைக் கவ்வி வெளித்தள்ளுகின்றன. வெட்டுகள் பனிக்கட்டியின் மேல் பல நூறு சிறு விளிம்புகளாகச் செயற்படுகின்றன.

இத்தகைய டயரை முதன்முதலில் உருவாக்கிய பெருமை பின்லாந்துக்கு உரியது. இன்றைய நோக்கியன் டயர் நிறுவனத்தின் முன்னோடியான பின்லாந்து ரப்பர் ஆலை 1934இல் சரக்குந்துகளுக்கான பனிக்கால டயரையும், 1936இல் கார்களுக்கான ஹக்கப்பெலீட்டா என்னும் டயரையும் வெளியிட்டது.

டயரின் பக்கவாட்டில் 'எம் + எஸ்' என்னும் குறி இருந்தால் அது சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது எனப் பொருள். ஆனால் இக்குறி பள்ளங்களின் வடிவமைப்பை மட்டுமே பொறுத்தது. இதனைப் பொறிப்பதற்கு எந்தச் சோதனையும் தேவையில்லை. மூன்று சிகரங்களைக் கொண்ட மலையின் உள்ளே பனித்துகள் வரையப்பட்ட குறி 1999இல் வட அமெரிக்காவில் அறிமுகமானது. பனியில் நடத்தப்படும் பிடிப்புச் சோதனையில் தேறிய டயருக்கே இது உரியது. பழைய டயர் விற்பவர்கள் சிலர் முதற்குறியை மட்டும் காட்டிப் 'பனிக்கால டயர்' என விளம்பரப்படுத்துவதால் இவ்வேறுபாடு முக்கியமானது.

சட்டங்கள்

கனடாவில் பனிக்கால டயரைக் கார்களுக்கு முதலில் கட்டாயமாக்கிய மாகாணம் கியூபெக் ஆகும். 2008இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின்படி, மாகாணத்தில் பதிவு செய்யப்பட்ட கார்கள் திசம்பர் 15 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர்களோடு ஓட வேண்டியிருந்தது. 2019 முதல் தொடக்க நாள் திசம்பர் 1 என முன்தள்ளப்பட்டது. மீறுவோருக்கு 200 முதல் 300 டாலர் வரை தண்டம் விதிக்கப்படும். 2014 திசம்பர் 15 முதல் மலைக்குறி உள்ள டயர்களும் ஆணி பதித்த டயர்களும் மட்டுமே இங்கு ஏற்கப்படுகின்றன. ஆகவே, 'எம் + எஸ்' குறி மட்டும் உள்ள டயரைக் கியூபெக்கில் பனிக்கால டயர் என்று விற்பது வாங்குபவரைத் தண்டத்துக்கு உள்ளாக்குவதாகும்.

பிரித்தானியக் கொலம்பியாவில் பெரும்பாலான மலைச்சாலைகளில் அக்டோபர் தொடங்கி இரு குறிகளில் ஒன்றுள்ள டயரும் குறைந்தது 3.5 மி.மீ. பள்ள ஆழமும் தேவை. ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. எனினும் 2016 சனவரி 1 முதல் பனிக்கால டயர் பூட்டியோருக்கு எல்லாக் கார்க் காப்புறுதி நிறுவனங்களும் கழிவு வழங்க வேண்டும் என்னும் விதி உண்டு. பழைய டயர் வாங்கியோரிடம் பற்றுச்சீட்டு இருப்பதில்லை. காப்புறுதி நிறுவனம் சான்று கேட்கக்கூடும் என்பதால் விற்பவரிடம் கையெழுத்திட்ட ஒரு துண்டுச் சீட்டையாவது பெற்று வைப்பது பயன் தரும்.

ஆணி பதித்த டயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கியூபெக்கில் அக்டோபர் 15 முதல் மே 1 வரை அவற்றைப் பயன்படுத்தலாம். ஒன்ராறியோவில் 2005 முதல் வடபகுதியில் வசிப்போருக்கு மட்டுமே அனுமதி உள்ளது. மொன்றியலில் மலிவாகக் கிடைத்தது என்று ஆணி டயர்களை வாங்கி ரொறன்ரோவுக்குக் கொண்டு செல்பவர் அவற்றைப் பூட்ட இயலாது.

ஐரோப்பாவில் ஆஸ்திரியா நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, பனிச்சூழல் உள்ளபோது, 4 மி.மீ. ஆழமுள்ள பனிக்கால டயரைக் கேட்கிறது. அதைவிடத் தேய்ந்த டயர் அங்கு பனிக்கால டயராகக் கருதப்படாது. செருமனியில் 2024 செப்டம்பர் 30க்குப் பின்னர் மலைக்குறி இல்லாத டயர்கள் பனிச்சாலைக்கு ஏற்கப்படுவதில்லை. அதுவரை 'எம் + எஸ்' குறியோடு ஓடிய பல டயர்கள் அன்றோடு மதிப்பிழந்தன.

பள்ள ஆழமும் எஞ்சிய பயனும்

டயர் மேற்பரப்பின் பள்ள ஆழமே விலையை முடிவு செய்யும் முதல் அளவு. (தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் இப்பகுதியைப் 'பட்டன்' என்பர். அது முற்றும் தேய்ந்தால் மொட்டை டயர்.) புதிய பனிக்கால டயரின் பள்ளம் பொதுவாக 8 முதல் 9 மி.மீ. வரை ஆழமுடையது. கியூபெக்கில் சட்டப்படி டயரைக் கழிக்க வேண்டிய அளவு 1.6 மி.மீ. ஆனால் 4 மி.மீ. அளவுக்குத் தேய்ந்த டயரைப் பனி மூடிய சாலையில் பயன்படுத்தக் கூடாது எனக் கனடா போக்குவரத்துத் துறை அறிவுறுத்துகிறது. இவ்விரு அளவுகளுக்கும் இடைப்பட்ட டயர் சட்டத்தின் கண்ணில் டயர்தான். பனியில் அது வெறும் ரப்பர் வளையம்.

விளம்பரங்களில் வழக்கமாகக் காணப்படும் '75 விழுக்காடு மீதம் உள்ளது' என்னும் கூற்றை இந்த நோக்கிலேயே படிக்க வேண்டும். 8 மி.மீ. ஆழத்தில் தொடங்கிய டயரில் இப்போது 6 மி.மீ. இருந்தால் விற்பவரின் கணக்குச் சரியானதே. ஆனால் பனிக்குப் பயன்படுவது 8க்கும் 4க்கும் இடையிலுள்ள 4 மி.மீ. மட்டும். அதில் 2 மி.மீ. போய்விட்டது. எனவே எஞ்சியிருப்பது பாதி. 5 மி.மீ. உள்ள டயர் விற்பவரின் கணக்கில் 60 விழுக்காட்டுக்கு மேல் நல்லது, வாங்குபவரின் கணக்கிலோ கால் பங்கு. 4 மி.மீ. உள்ள டயர் முன்னவருக்குப் பாதிப் பொருள், பின்னவருக்கு ஒன்றுமில்லை.

விலையில் இது எவ்வாறு வெளிப்படும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. புதிய நான்கு டயர்களின் விலை 800 டாலர் எனக் கொள்வோம். 5 மி.மீ. எஞ்சியுள்ள டயர்களுக்கு விற்பவர் 400 டாலர் கேட்டால் அது பெருந்தன்மையாகவே தோன்றும். ஆனால் பனிக்கால மதிப்பின்படி அவை 200 டாலர் பெறுமானமுள்ளவை. ஒரு பருவத்தில் 1 மி.மீ. தேயுமானால் அவற்றில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு குளிர்காலம்.

இக்கணக்குக்கும் அப்பால் சில டயர்கள் தேயத்தேய வேறொரு பொருளாகவே மாறுகின்றன. மெல்லிய வெட்டுகள் எல்லாம் அடிவரை செல்வதில்லை. மேல் ரப்பர் தேய்ந்ததும் சில வெட்டுகள் மறைந்துவிடும். பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனத்தின் பிளிசாக் டயரின் பழைய மாதிரிகளில், பனிக்கட்டியைப் பற்றுவதற்கான நுண்துளை ரப்பர் தடிப்பில் பாதியைச் சற்றே தாண்டும் ஆழம் வரை மட்டுமே இடப்பட்டிருந்தது. அதற்குக் கீழே இருந்தது வேறு ரப்பர்.

ஆழத்தை அளக்கச் சில டாலருக்குக் கிடைக்கும் ஆழமானி போதும். கருவி இல்லாதோர் கனேடிய 25 சத நாணயத்தைப் பயன்படுத்துவர். நாணயத்திலுள்ள கரிபூ மானின் மூக்கு கீழ்நோக்கி இருக்கும்படி பள்ளத்தில் செலுத்தும்போது ரப்பர் மூக்கை எட்டாவிட்டால் அந்த டயர் பனிக்கு உதவாது. ஒரே இடத்தில் அளப்பது போதாது. உள் ஓரம், நடு, வெளி ஓரம் ஆகிய மூன்றையும் அளக்க வேண்டும். உள் ஓரம் மட்டும் தேய்ந்திருப்பது விற்பவரின் வண்டியில் சக்கரச் சீரமைவு கெட்டிருந்ததைக் காட்டும். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதியாக அடிக்கப்பட்டிருந்தது எனலாம்.

வயது

டயரின் பக்கவாட்டில் 'டி.ஓ.டி.' எனத் தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரிக்கப்பட்ட கிழமையையும் ஆண்டையும் குறிக்கும். 3419 என்றால் 2019ஆம் ஆண்டின் 34ஆவது கிழமை. மூன்றே இலக்கங்கள் இருந்தால் டயர் 2000க்கு முன்னர் தயாரிக்கப்பட்டது. அதன் விலையைப் பற்றிப் பேசத் தேவையில்லை.

முழு வரிசை டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் போதும் என்பது விதி. அப்பக்கம் வண்டியின் உட்புறமாக அமைந்துவிட்டால் வெளியிலிருந்து ஆண்டைப் படிக்க முடியாது. கழற்றி அடுக்கி வைத்த டயர்களைத் திருப்பிப் பார்க்கத் தயங்கக் கூடாது. நான்கிலும் பார்ப்பது நல்லது. இடையில் ஒன்று வெடித்து மாற்றப்பட்டிருந்தால் அதன் ஆண்டு வேறாக இருக்கும்.

ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் முதுமையடைகிறது. வெயில், வெப்பம், ஓசோன் ஆகியவற்றால் நெகிழ்வு குறைகிறது. மிச்சலின் நிறுவனம் 5 ஆண்டுகளுக்குப் பின்னர் ஆண்டுதோறும் டயரைச் சோதிக்கவும், தயாரித்து 10 ஆண்டுகள் ஆனதும் பார்வைக்கு நன்றாக இருப்பினும் மாற்றவும் பரிந்துரைக்கிறது. பனிக்கால டயரின் சிறப்பே நெகிழ்வு என்பதால், ஆழம் மிகுந்த ஒன்பது வயது டயரைவிட ஆழம் சற்றுக் குறைந்த மூன்று வயது டயர் மேலானதாக இருக்கக்கூடும். 'கிட்டத்தட்டப் புதியது, நிலவறையில் பத்து ஆண்டுகள் பத்திரமாக இருந்தது' என்னும் விளம்பரத்தை நாணயமானவர்களும் எழுதுகின்றனர். பத்திரமாக இருந்தது உண்மையே, புதியது என்பதுதான் பிழை.

கோடையிலும் கழற்றாமல் ஓட்டப்பட்ட டயர் விரைவாகத் தேயும். ரப்பர்க் கட்டிகளின் விளிம்புகள் மழுங்கி உருண்டிருப்பது இதன் அடையாளம்.

ரிம்களின் பொருத்தம்

பனிக்கால டயரை ரிம்மோடு விற்பதே பெருவழக்கு. ரிம் தனியாக இருந்தால் ஆண்டுக்கு இருமுறை டயரை ரிம்மிலிருந்து கழற்றி மாட்டும் கூலி மிச்சமாகும். உந்துதூக்கி (ஜாக்கி) ஒன்று இருந்தால் வீட்டு வாசலிலேயே சக்கரங்களை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் டயரைவிட ரிம்முக்கே வண்டியைச் சார்ந்திருக்கும் தன்மை அதிகம். விற்பனை முறிவதும் பெரும்பாலும் இங்குதான்.

முதலில் டயர் அளவு. 205/55 ஆர் 16 என்பதில் 205 அகலம் (மி.மீ.), 55 என்பது பக்கவாட்டு உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது, 16 ரிம்மின் விட்டம் (அங்குலம்). பனிக்காலத்துக்கு ஓர் அங்குலம் சிறிய ரிம்மும் உயரமான பக்கவாட்டுள்ள டயரும் பூட்டுவது வழக்கம். எடுத்துக்காட்டாக, 215/55 ஆர் 17 அளவுக்கு மாற்றாக 205/65 ஆர் 16 பூட்டினால் மொத்த விட்டம் 668 மி.மீ. என்பதிலிருந்து 673 மி.மீ. ஆகிறது. வேறுபாடு மிகச் சிறியது என்பதால் வேகமானி பெரிதாகப் பிழைக்காது. எனினும் பெரிய தடைத் தட்டு உள்ள வண்டிகளில் சிறிய ரிம் உள்ளே முட்டும். ஆகவே எந்த வண்டியில், எந்த ஆண்டு மாதிரியில் பூட்டியிருந்தது என்பதை விற்பவர் குறிப்பிட வேண்டும். டயரின் சுமைக் குறியீட்டெண்ணும் வண்டிக்கு விதித்ததைவிடக் குறையலாகாது.

அடுத்தது நட்டுத் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும். பல கார்களில் இது 5 × 114.3 மி.மீ. ஆகும். வோக்ஸ்வாகன் கோல்ஃபின் அண்மைய தலைமுறைகளில் 5 × 112. இரண்டும் ஒன்று போலத் தோன்றும். 2.3 மி.மீ. தானே என்று இறுக்கினால் நட்டுகள் நேராக உட்காராமல் ஓட்டத்தில் தளரும்.

துளைகள் பொருந்தினால் மட்டும் போதாது. மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதியைக் குடம் என்பது போலக் காரிலும் சக்கரம் ஒரு குடத்தின் மேல் அமர்கிறது. ரிம்மின் நடுத்துளை அக்குடத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். ஹொண்டா சிவிக் (2006 முதல்), டொயோட்டா கேம்ரி இரண்டிலும் நட்டுத் துளைகள் 5 × 114.3. ஆனால் சிவிக்கின் குடம் 64.1 மி.மீ., கேம்ரியினது 60.1 மி.மீ. சிவிக்கின் ரிம் கேம்ரியில் ஏறும், இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் இட்டால் நடுங்காமல் ஓடும். கேம்ரியின் ரிம் சிவிக்கில் ஏறவே ஏறாது. ஒரே விளம்பரத்தில் 'ஹொண்டா, டொயோட்டாவுக்குப் பொருந்தும்' என எழுதுவோர் இதனை அறிவதில்லை.

நட்டுகளும் கவனத்துக்குரியவை. ஹொண்டா ஆலையிலிருந்து வரும் ரிம்களுக்கு உருண்டை அடி கொண்ட நட்டுகள், வெளிச்சந்தை இரும்பு ரிம்களுக்கு கூம்பு அடி நட்டுகள். மாற்றிப் பூட்டினால் இறுகியது போல் இருந்து பின்னர் கழலும். எனவே ரிம்மை விற்பவர் அதற்குரிய நட்டுகளையும் சேர்த்துக் கொடுப்பது முறையாகும். பூட்டிய பின் 100 கி.மீ. அளவு ஓடியதும் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

காற்றழுத்த உணரி ரிம்மின் உள்ளே இருக்குமானால் விலை சற்றுக் கூடும். ஐக்கிய அமெரிக்காவில் 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதிய இலகு வண்டிகளிலும் அழுத்த எச்சரிக்கை முறை கட்டாயம். கனடாவில் அது கட்டாயமில்லை. உணரியின் மின்கலம் 5 முதல் 10 ஆண்டுகளில் தீரும், அதை மட்டும் மாற்ற முடியாது. பழைய உணரிக்குத் தனி விலை கொடுப்பது பொதுவாக வீண்.

சாலையில் தூவும் உப்பினால் இரும்பு ரிம் துருவேறும். மேற்பரப்புத் துரு அழகுக் குறை மட்டுமே. ஆனால் டயர் விளிம்பு அமரும் இடத்தில் துருவோ அலுமினியப் பொருக்கோ இருந்தால் காற்று மெல்லக் கசியும்.

பருவமும் விலையும்

ஒருவர் நல்ல டயரை ஏன் விற்கிறார் என்பதே வாங்குபவரின் முதல் ஐயம். காரணம் பெரும்பாலும் நேர்மையானது. கார் விற்கப்பட்டிருக்கும், விபத்தில் அழிந்திருக்கும், குத்தகை முடிந்திருக்கும். புதிய காருக்குப் பழைய ரிம் பொருந்தாது. மாடிக் குடியிருப்பில் நான்கு சக்கரங்களை வைக்க இடமும் இராது. காரணத்தைத் தெளிவாகச் சொல்லும் விற்பவருக்குப் பேரம் எளிதாக முடிகிறது.

விலை அக்டோபரில் ஏறத் தொடங்கி முதற்பனி விழும் கிழமையில் உச்சத்தை அடையும். கியூபெக்கில் திசம்பர் 1 நெருங்கும்போது பழுதுபார்ப்பகங்களில் முன்பதிவு கிடைப்பதே அரிது. சனவரிக்குப் பின்னர் தேவை குறைந்து ஏப்ரலில் விலை அடிமட்டத்துக்கு வரும். இடவசதி உள்ளவர் ஏப்ரலில் வாங்குவதும் அக்டோபரில் விற்பதும் நன்று. ரிம்மோடு உள்ளவற்றைப் படுக்க வைத்து அடுக்கலாம். ரிம் இல்லாதவற்றை நிறுத்தி வைக்க வேண்டும்.

நான்கையும் ஒன்றாக விற்பதே சரி. முன்சக்கர இயக்க வண்டியில் முன்னே மட்டும் இரண்டு பனிக்கால டயர்களைப் பூட்டினால், வளைவில் பின்சக்கரங்கள் வழுக்கி வண்டி சுழலும். நான்கிலும் ஒரே வகை டயர் வேண்டும் எனக் கனடா போக்குவரத்துத் துறையும் கூறுகிறது. இரண்டை மட்டும் பிரித்து விற்பவர் மற்ற இரண்டின் கதையைச் சொல்லக் கடமைப்பட்டவர். சுழற்சித் திசை அம்புக்குறி உள்ள டயர்கள் ரிம்மில் ஏற்றப்பட்டிருந்தால் இடப்புறத்துக்கு இரண்டும் வலப்புறத்துக்கு இரண்டும் இருக்கின்றனவா எனவும் பார்க்க வேண்டும்.

பொறுப்பு

கியூபெக் குடிமைச் சட்டத் தொகுப்பின்படி தனியாள் ஒருவர் விற்கும் பழைய பொருளுக்கும் மறைகுறைப் பொறுப்பு உண்டு. இருக்கிற நிலையில் விற்பதாக எழுதி அப்பொறுப்பை விலக்கலாம். ஆனால் தமக்குத் தெரிந்த குறையை மறைத்தவர் அவ்விலக்கின் பின்னால் ஒதுங்க முடியாது. ஒன்ராறியோவில் தனியாள் விற்பனையில் வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டியவர். ஒட்டுப் போட்ட இடம், பக்கவாட்டு வீக்கம், வளைந்த ரிம் ஆகியவற்றைச் சொல்லி விலையைக் குறைப்பதே விற்பவருக்கும் பாதுகாப்பு. பக்கவாட்டில் ஒட்டுப் போட்ட டயரைக் குறைந்த விலைக்கும் விற்கக் கூடாது.

1983க்குப் பின்னர் இலங்கையிலிருந்து பெருமளவில் குடிபெயர்ந்த தமிழர்கள் ரொறன்ரோ பெரும்பாகத்திலும் மொன்றியலிலும் வாழ்கின்றனர். புதிதாக வந்தோர் முதற்காரோடு பழைய பனிக்கால டயர்களை உறவினர் வழியாகவோ, தமிழர் நடத்தும் பழுதுபார்ப்பகங்கள் வழியாகவோ வாங்குவது வழக்கம். பனியில் ஓட்டிப் பழகாதவரே பணத்தட்டுப்பாட்டால் மிகத் தேய்ந்த டயரையும் நாட நேர்கிறது. அளந்து எழுதிய ஆழமும் ஆண்டும் இவர்களுக்கே மிகவும் தேவை.

விற்க இயலாதவை

4 மி.மீ. அளவுக்குத் தேய்ந்த பனிக்கால டயரை, சட்டம் இடம் தரும் எல்லைவரை, வசந்தத்தில் சில மாதங்கள் ஓட்டித் தீர்ப்பது உண்டு. ஆனால் வெம்மையில் அதன் தடைத் தொலைவு நீளும். பக்கவாட்டு வெடித்தவை, வயது கடந்தவை முதலியன மீள்சுழற்சிக்கே உரியவை. ஒன்ராறியோவின் ஹேகர்ஸ்வில் அருகே 1990 பெப்ரவரியில் பல மில்லியன் பழைய டயர்கள் குவிந்திருந்த கிடங்கு தீப்பற்றி 17 நாட்கள் எரிந்தது. குவிந்து கிடக்கும் டயரின் இடர் பொதுமக்களுக்குப் புலப்பட்டது அப்போதுதான். ஒன்ராறியோவில் 2019 முதல் டயர்களைச் சந்தைக்குக் கொண்டுவருவோரே பழையவற்றைச் சேகரித்து மீள்சுழற்சி செய்யும் பொறுப்பை ஏற்கின்றனர். சேகரிப்பு இடங்களில் பழைய டயர்களைக் கட்டணமின்றி ஒப்படைக்கலாம். இரும்பு, அலுமினிய ரிம்களைப் பழைய உலோகம் வாங்குவோர் எடைக்கு எடுத்துக்கொள்வர்.